கதவுக்கு இடப்பக்கம்

லாம்புங்
19 பிப்ரவரி 1986

அண்ணிக்கு முர்சினி எழுதுவது.

அண்ணன் போய் நூறு நாள் ஆகிவிட்டது. நூறாம் நாளுக்கு ஓதி, ஊருக்குச் சோறு பங்கிட்டீர்களா இல்லையா என்றுகூட எனக்கு யாரும் சொல்லவில்லை. செத்த செய்தியே பதினெட்டு நாள் கழித்துத்தான் எனக்கு வந்தது. அதுவும் ஊர்த்தலைவருடைய எழுத்தர் கையெழுத்தில், வரி கட்டச் சொல்லும் ஓலை மாதிரி. நீங்கள் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர்தானே அண்ணி? ஒரு வரி உங்கள் கையால் எழுதினால் விரல் தேய்ந்துவிடுமா?

போகட்டும். எழுத வந்த விஷயம் வேறு.

அப்பா பங்கு பிரித்தபோது, ஆணுக்குத் தோள்கம்பில் தொங்கும் இரண்டு கூடை, பெண்ணுக்கு முதுகில் கட்டும் ஒரு கூடை என்று நம் ஊர் வழக்கப்படி பிரித்தார். மனையும் கிணறும் தென்னைகளும் அண்ணனுக்கு. எனக்கு மேட்டுப் பக்கம் கல்லு நிலம் ஒரு துண்டு. அதில் என்ன விளையும்? அதனால்தான் ஒன்பது வருடத்துக்கு முன்னால் கப்பலேறி இந்தச் சுமத்ராக் காட்டுக்கு வந்தேன். அப்போது நான் வாய் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. அப்பாவின் மண் அப்பாவின் ரத்தத்துக்குத்தான் திரும்ப வேண்டும். இது நான் போட்ட சட்டம் இல்லை.

வீடு உங்களுடையது. நீங்கள் இரண்டு பேரும் உழைத்து எழுப்பிய தேக்கு வீடு. அதில் ஒரு மர ஆப்புகூட நான் கேட்க மாட்டேன். ஊர் வழக்கப்படி ஆட்களை வைத்து அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள். மனை என்னுடையது. சூரோ மாதம் பிறந்துவிட்டால் வீட்டை அசைக்கக்கூடாது, உங்களுக்கே தெரியும். அதற்குள் எடுத்துவிடுங்கள். அடுத்த வருடம் நான் வந்து அங்கே ஒரு குடிசையாவது போடப்போகிறேன்.

இங்கே மண் சிவப்பு. கிணற்றுத் தண்ணீரில் இரும்பு நாற்றம். போன மாதம் யானை வந்து மரவள்ளியைப் பிடுங்கிப் போட்டது. நான் அழுதால் என் வீட்டுக்காரர், "உங்க ஊருல கல்லுதானடி விளையும், அதுக்கா இந்த அழுகை?" என்கிறார். அவருக்கு என்ன தெரியும்?

முர்சினி

*

கெடுங்வாரு
24 மார்ச் 1986

முர்சினி, உன் அண்ணி கஸினெம் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. தினம் எடுத்துப் பார்க்கிறேன். "நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். ஒரே பாயில் படுத்திருந்த காலத்தில் என்னை நீ என்றுதான் சொல்வாய். அதைத்தான் முதலில் பார்த்தேன். மனை விஷயம் அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது.

நான் ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறாய். எழுத உட்கார்ந்தேன். "உன் அண்ணன்" என்று எழுதினேன். அடுத்த வார்த்தை எழுத வரவில்லை. நாலு தாள் அப்படி ஆனது. நாலையும் அடுப்பு பற்றவைக்க எடுத்துக்கொண்டேன்.

இப்போது சொல்கிறேன். அன்று காலையில் தூறல் விட்டிருந்தது. மரத்தில் கட்டிய மூங்கில் குழாய்களை இறக்கப் புறப்பட்டார். "வழுக்கும், வெயில் வந்ததும் ஏறுங்க" என்று சொன்னேன். "வெயில் வர்ற வரைக்கும் பதநீர் உக்காந்து காத்திருக்குமா? அது புளிச்சா நீதான் என்னைப் புளிச்ச மூஞ்சியோட பாப்ப" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று மரம் ஏறி இறங்கிவிட்டார். நாலாவது, கிணற்றுக்குப் பின்னால் இருப்பது. நான் அடுப்பில் வெல்லம் கிண்டிக்கொண்டிருந்தேன். ஏதோ மட்டை விழுகிறது என்றுதான் நினைத்தேன் முர்சினி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மட்டை என்று நினைத்தேன்.

அந்த மரத்தை வெட்டிப் போடச் சொன்னார்கள். நான் விடவில்லை. மரம் என்ன செய்யும்?

நூறாம் நாள் செய்தேன். ஓதினவரிடம் உன் பெயரையும் சேர்த்துச் சொல்லச் சொன்னேன்.

மனை உன்னுடையதுதான். நான் சண்டைக்கு வர மாட்டேன். ஊர்த்தலைவரிடமும் போக மாட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லலாமா வேண்டாமா என்றுதான் இந்த ஒன்பது நாளும் போனது.

செகர் என் அம்மா வீட்டில்தான் பிறந்தாள். நான் எழ முடியாமல் படுத்திருந்தேன். உன் அண்ணன் அவளுடைய நஞ்சுக்கொடியைக் கழுவி, புதுச் சட்டியில் வைத்து, உப்பும் ஊசியும் நூலும் போட்டு மூடினார். பிள்ளையைத் தூக்குவதுபோலத் தோளில் துணி கட்டி அதில் வைத்துக்கொண்டார். "எம் பொண்ணோடது என் வாசல்லதான் இருக்கணும்" என்று குடை பிடித்துக்கொண்டு, ஓடை தாண்டி நம் வீட்டுக்கு எடுத்துப் போனார். வழியில் இடமும் வலமும் திரும்பக்கூடாது, திரும்பினால் பிள்ளைக்கு மாறுகண் வரும் என்று என் அம்மா சொல்லி அனுப்பினாள். கதவுக்கு இடப்பக்கம் புதைத்து மேலே கூடையைக் கவிழ்த்தார். பெண்பிள்ளைக்கு இடப்பக்கம்தானே. நீ அப்போது வீட்டில் இருந்தாய்.

செகர் எட்டு மாதம் நிறையவில்லை. மண்ணில் கால் பதிக்கும் சடங்குக்குப் பதினோரு நாள் இருந்தது. பாதம் மண்ணில் படாமலே போய்விட்டாள். அவள் குழியையும் நீ போன மறுவருடம் ஓடை அரித்துக்கொண்டு போனது. அவளுடையது என்று இந்தப் பூமியில் இருப்பது அந்தச் சட்டி ஒன்றுதான். பன்னிரண்டு வருடமாக வியாழக்கிழமை சாயங்காலம் அங்கே விளக்கு வைக்கிறேன். அன்றைக்கு நடந்ததைச் சொல்வேன். இன்று உங்கப்பா கோழியைத் துரத்தி விழுந்தார், இன்று மழை, இப்படி. இப்போது உங்கப்பா இல்லை என்றும் அங்கேதான் சொன்னேன்.

வீட்டைத் தூக்கலாம். அதை நான் எப்படித் தூக்குவேன்?

எனக்கு நாற்பத்தொன்று. நான் போகும் வரைக்கும் இங்கேயே இருக்க விடுவாயா? நீ வந்து ஒரு பக்கம் குடிசை போடு. நான் ஒரு மூலையில் இருந்துகொள்கிறேன்.

என் எழுத்து கோணல். சிரிக்காதே.

கஸினெம்

*

லாம்புங்
20 ஏப்ரல் 1986

அண்ணிக்கு,

ஒரு சட்டியைக் காட்டி ஒரு மனையைக் கேட்கிறீர்கள்.

எந்த வீட்டு வாசலில் சட்டி இல்லை? என்னுடையதும் அந்த வீட்டு மண்ணுக்குள்தான் கிடக்கிறது. அதற்காக நான் கப்பலேறாமல் உட்கார்ந்திருந்தேனா? வந்த புதிதில் மூன்று மாதம் மலேரியாவில் கிடந்தேன். எந்தச் சட்டி வந்து எனக்குக் கஞ்சி வைத்தது? எனக்கு ஒரு விளக்கு வைக்க அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

ஒரு மூலையில் இருந்துகொள்கிறேன் என்கிறீர்கள். நீங்கள் ஒரு மூலையில் அழுவீர்கள், நான் ஒரு மூலையில் அதைக் கேட்டுக்கொண்டு சோறு தின்ன வேண்டும். முடியாது.

அந்தச் சட்டியைப் பற்றி இனி என்னிடம் எழுத வேண்டாம். மனசு கேட்காவிட்டால் அந்த இடத்து மண்ணை ஒரு கூடை அள்ளிக்கொண்டு போங்கள். ஊரில் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு.

வீட்டை எடுங்கள், அவ்வளவுதான்.

கிணற்றடிப் பலா இந்த வருடம் காய்த்ததா? அதை மட்டும் எழுதுங்கள்.

முர்சினி

*

கெடுங்வாரு
16 ஜூன் 1986

முர்சினி,

நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு வாரம். நேரில் இருந்தால் கையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். தாளில் கேட்கிறேன். தெரிந்தும் தெரியாமலும் நான் செய்ததை மன்னித்துவிடு. உன்னை நான் மன்னித்தாகிவிட்டது. அப்படித்தானே சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. நிஜமாகவே.

பலா காய்த்தது. பதினாலு. இரண்டை மரநாய் தின்றது.

ஓடைக்கு அந்தப் பக்கம் அம்மா வீட்டில் என் தம்பி பொனிரான் இருக்கிறானே, அவன் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இடம் தருகிறான். அவன் பெண்டாட்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய கீரைப் பாத்தி போகிறது, பாவம். நாள் பார்க்கிறவரிடம் கேட்டாயிற்று. ஜூலை நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை நல்லது என்றார். ஊர் ஆண்களைக் கைகொடுக்கக் கூப்பிட்டாயிற்று.

நீ வேண்டாம் என்றால் அதற்குள் எழுது.

கஸினெம்

*

கெடுங்வாரு
22 ஜூலை 1986

முர்சினி,

நீ எழுதவில்லை. வீடு போய்விட்டது.

முந்தின நாளே ஓடு இறக்கி, பலகைச் சுவரைக் கழற்றி வைத்தார்கள். தூணும் கூரைச் சட்டமும் மட்டும் நின்றது, சதையெல்லாம் எடுத்த மீன் மாதிரி. நாலு பக்கமும் மூங்கில் கட்டி நாற்பத்தாறு பேர் தோள் கொடுத்தார்கள். நான் விடியலில் இருந்தே சோறும் பிஞ்சுப் பலாக் குழம்பும் ஆக்கிக்கொண்டிருந்தேன். உன் பலாவில்தான் பறித்தேன். உன்னைக் கேட்கவில்லை.

தூக்கும்போது பொனிரான் கடப்பாரையோடு வந்து, "அக்கா, இந்த நாலு தூண்கல்லையும் பேத்து எடுத்துரட்டா?" என்றான்.

"விட்ரு. அது மாமனார் போட்ட கல்லு. முர்சினியோடது."

"அங்க கல்லு இல்லாம தூணை உன் தலையிலயா நிறுத்துவ?"

"அங்க வேற கல்லு பாரு. இதைத் தொடாத."

முணுமுணுத்துக்கொண்டு போனான். வீடு நகர்ந்தது. நான் படுத்த இடம், சமைத்த இடம் எல்லாம் என் கண் முன்னால் கால் முளைத்து நடந்து போகிறது. பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலியில் ஒரு மூலை மாட்டிக்கொண்டது. ஒருவன் கத்துகிறான், "குள்ளனை ஏண்டா மூலையில போட்டீங்க? வீடு மொத்தமும் அவன் தலையில உக்காருது!" அதற்கு அவன், "நான் ஒண்ணும் குள்ளன் இல்ல, நீங்கதான்டா தென்னமரம்!" என்றான். தென்னமரம் என்றதும் எல்லாரும் நின்று என்னைப் பார்த்தார்கள். நான்தான் சிரித்தேன். என்ன செய்வது, யாராவது சிரித்தால்தானே அவர்கள் மறுபடி தூக்குவார்கள்?

நீ சொன்னபடி செய்தேன். வாசல் இருந்த இடத்துக்கு இடப்பக்கம் ஒரு கூடை மண் தோண்டினேன். ஆழமாகத் தோண்டவில்லை. சட்டி கண்ணில் பட்டுவிடுமோ என்று பயம். அந்த மண்ணைத் துணியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டேன். உன் அண்ணன் பிடித்த அதே குடைதான், இரண்டு கம்பி ஒடிந்திருக்கிறது. அதை விரித்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலேயே நடந்தேன். இடமும் வலமும் திரும்பவில்லை. "மழையும் இல்ல வெயிலும் இல்ல, யாருக்கு பெரியம்மா குடை?" என்று எவனோ கேட்டான். "சும்மா வாங்கடா" என்றான் பொனிரான்.

ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர்.

இங்கே புதுவாசலுக்கு இடப்பக்கம் மண்ணைக் கொட்டி மேலே கூடையைக் கவிழ்த்தேன். வியாழக்கிழமை வரும்வரை காத்திருக்கவில்லை, அன்றைக்கே விளக்கு வைத்தேன். ஆனால் பேச்சு வரவில்லை முர்சினி. இது அவள் இருக்கிற இடம் இல்லை என்று எனக்கே தெரிகிறது. அவள் அங்கேதான் இருக்கிறாள், திறந்த வெளியில். கதவும் இல்லை, கூரையும் இல்லை.

உன் மனை காலியாக இருக்கிறது. நீ கேட்டதுபோல.

கஸினெம்

*

லாம்புங்
17 ஆகஸ்ட் 1986

அண்ணி,

உன் கடிதத்தைக் களத்தில் நின்றுகொண்டே படித்தேன். குடை என்ற இடம் வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர், "ஊர்ல யாருடி செத்தா?" என்று கேட்கிறார். என்னவென்று சொல்வேன்?

அண்ணனுக்குக் கொடுத்த வாக்கை உடைக்கிறேன். அவனே இல்லை, இனி யாருக்காக வைத்திருப்பது?

செகருடைய சட்டி நம் வாசலுக்கு வரவே இல்லை.

அன்று ஜனவரி மழை. அண்ணன் சட்டியைக் கட்டிக்கொண்டு ஓடைக்கு வந்தபோது மூங்கில் பாலமே இல்லை, வெள்ளம் இழுத்துப் போயிருந்தது. இருட்டுவதற்குள் புதைத்தாக வேண்டும். திரும்பி உன் அம்மா வீட்டுக்கே போயிருக்கிறான். மாட்டுக்கொட்டகைப் பின்சுவரிலிருந்து நாலு எட்டு, கொய்யா மரத்தடியில் புதைத்தான். உன் அம்மா சொன்னாளாம், "அவகிட்ட சொல்லாத, தம்பி. உன் வாசல்ல இருக்குன்னு நம்பிக்கிட்டிருக்கா. மனசு உடைஞ்சா பால் வத்திடும்." மாட்டுக்குப் புகை போடப் போகிறவள் மாதிரி, வழக்கப்படி விளக்கு வைக்க வேண்டிய முப்பத்தைந்து நாளும் அவள்தான் அங்கே வைத்தாளாம். நீ பிள்ளையோடு நம் வீட்டுக்கு வரும்போது பார்க்க வேண்டுமே என்று அண்ணன் என்னைக் கொண்டு நம் வாசலில் மண்ணைக் கிளறி, மேலே கூடையைக் கவிழ்க்க வைத்தான். கவிழ்த்தது என் கைதான்.

பிள்ளை கொஞ்சம் வளரட்டும், சொல்லிவிடலாம் என்றிருந்தான். பிள்ளை போய்விட்டது. நீ அங்கே உட்கார்ந்து பேச ஆரம்பித்தாய். "அவ அங்க உக்காந்து சிரிக்கிறா, முர்சி. அங்க ஒண்ணும் இல்லடின்னு நான் எப்படிச் சொல்லட்டும்?" என்று கிணற்றடியில் நின்று என்னிடம் கேட்டான். நான் போகிற அன்றும் கையைப் பிடித்துக்கொண்டு வாக்கு வாங்கினான்.

ஏப்ரலில் இதை ஒரு வரி எழுதியிருந்தால் நீயே வீட்டைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாய், எனக்கும் மனை சுலபமாகக் கிடைத்திருக்கும். நாலு முறை எழுதிக் கிழித்தேன். மண்ணை அள்ளிக்கொண்டு போ என்று உன்னை விரட்டினேன். அது எனக்குச் சுலபமாக இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. கதவுக்கு இடப்பக்கம் ஒன்றும் இல்லாமல் இல்லை. அப்பாவின் பழைய வீடு நின்ற அதே கற்களில்தான் நீங்கள் புதுவீட்டை நிறுத்தினீர்கள். அதே வாசல். அந்த வீட்டில் பிறந்த ஒரே பெண்பிள்ளை நான். அங்கே இருப்பது என்னுடையது, அண்ணி. பன்னிரண்டு வருடம் நீ விளக்கு வைத்தது எனக்கு. எனக்கு விளக்கு வைக்க யார் இருக்கிறார்கள் என்று உன்னிடமே கேட்டேனே. கேட்டபோதும் எனக்குத் தெரியும். கோபத்தில் தெரியாததுபோல எழுதினேன்.

மலேரியாவில் கிடந்தபோது ஒவ்வொரு வாரமும் ஒரு நாள் காய்ச்சல் இறங்கும். அது வியாழக்கிழமையா என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை. வியாழனாக இருக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

சூரோ பிறக்க இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. வீட்டைத் திரும்பக் கொண்டுபோய் வை. மனையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

என்னை வைதாவது ஒரு கடிதம் போடு.

முர்சி

*

கெடுங்வாரு
22 செப்டம்பர் 1986

முர்சி,

உன் கடிதம் வந்தபோது சூரோ பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அந்த மாதம் முடியும் வரை வீட்டை அசைக்க முடியாது. அசைக்கலாம் என்றாலும், அந்த நாற்பத்தாறு பேரையும் மறுபடி கூப்பிட்டால் என்னைத் தூக்கி ஓடையில் போட்டுவிடுவார்கள்.

கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். உன்மேல் இல்லை. பன்னிரண்டு வருடம் என் பக்கத்திலேயே படுத்திருந்தாரே, ஒரு நாள் சொல்லியிருக்கலாமே. சில வியாழக்கிழமை என் பக்கத்தில் வந்து உட்காருவார். நான் செகரிடம் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பார். "அப்பாவும் எதாவது சொல்லுங்க" என்பேன். "நீ சொல்றதே போதும்" என்பார். அதற்கு அர்த்தம் இப்போது தெரிகிறது. செத்தவரிடம் எப்படிச் சண்டை போடுவது? இரண்டு நாள் அவருடைய சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டேன். அப்புறம் முடியவில்லை. மடித்து வைத்துவிட்டேன்.

கொய்யா மரம் இப்போது இல்லை. எட்டு வருடம் முன்பே பொனிரான் வெட்டி மாட்டுக்கு முளை அடித்துவிட்டான். கொட்டகைப் பின்சுவரிலிருந்து நாலு எட்டு வைத்துப் பார்த்தேன். அது என் வீட்டுக்கு உள்ளேதான் வருகிறது முர்சி. உன் அண்ணனுடைய எட்டு என்றால் நான் பாய் விரிக்கிற இடம். என்னுடைய எட்டு என்றால் அடுப்படி. அவர் கால் நீளம், பாய் பக்கம்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். "தோண்டிப் பாத்துருவமா அக்கா?" என்றான் பொனிரான். வேண்டாம் என்றேன். தோண்டி இல்லாமல் போனால் நான் எங்கே போவேன்? அந்தப் பக்கமாக ஒருக்களித்துப் படுக்கிறேன். இப்போது பேச்சு வருகிறது. முதல் நாள் ரொம்ப நேரம் பேசினேன். இத்தனை வருடம் அவளைப் பேச்சுத்துணை இல்லாத இடத்தில் விட்டிருந்தேன் இல்லையா, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

நீ விரட்டாமல் இருந்திருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். அதற்காக உனக்கு நன்றி சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்ல மாட்டேன். கொஞ்சம் கோபம் உன்மேலும் இருக்கத்தான் செய்கிறது.

நான் கொண்டுவந்த கூடை மண் உன்னுடையது என்று ஆகிவிட்டது. முதுகில் கட்டி, ஓடை தாண்டி, திரும்ப எடுத்துப்போய் அதே இடத்தில் கொட்டினேன். ஒரு பிடி மட்டும் இந்தத் துணிமுடிச்சில் இருக்கிறது. தபாலாபீசில் "என்ன விதையா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். நீ படுக்கும் இடத்தில் வைத்துக்கொள். காய்ச்சல் வந்தால் எழுது.

மனை உனக்கு வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். கோபத்தில் எழுதினதையும் அழுகையில் எழுதினதையும் நான் கணக்கில் எடுக்க மாட்டேன். அது உன்னுடையது. களை பிடுங்கி வைத்திருக்கிறேன். பலாவை மரநாய் தொடாமல் சாக்கு கட்டியிருக்கிறேன்.

வியாழக்கிழமை பாய்ப் பக்கத்தில் ஒரு விளக்கு வைத்துவிட்டு, இருட்டுவதற்குள் ஓடை தாண்டி அங்கே போய் உனக்கும் ஒன்று வைக்கிறேன். இப்போது அது நீ என்று தெரிந்தபிறகு என்ன பேசுவது என்று தெரியவில்லை. போன வாரம் யானை மறுபடி வந்ததா என்று கேட்டேன். பதில் இல்லை. நேரில் வந்து சொல்.

அடுத்த வருடம் வருகிறேன் என்றாயே, வா. வீடு இல்லாத மனையைப் பார்த்து இடம் தெரியாமல் நிற்காதே. நாலு கல்லும் அப்படியே இருக்கிறது. முன்பக்கத்து இரண்டு கல்லுக்கு நடுவில் விளக்கு எரியும். அதற்கு வலப்பக்கம்தான் கதவு.

உன் அண்ணி
கஸினெம்